எட்டரை மணிக்கு விழிக்கும் கை

ஆறே முக்கால் மணிக்கு அன்பரசன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்புவரை வந்தது. நெஞ்சுவரை வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது.

அதே நேரத்தில் பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஏங்க, யாரோ ஆபீசர் மாதிரி இருக்குது" என்றாள் அவர் மனைவி சந்திரகலா, உலையில் கரியைத் தள்ளிக்கொண்டே.

"ஆபீசரா? இந்நேரத்துக்கா? நல்லா பாரு, பால்காரரா இருக்கப் போறாரு."

ஆபீசர்தான். குரங்குக் குல்லா, அதன்மேல் மஃப்ளர், ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே ஒரு கோட்டு என்று மார்கழிப் பனிக்குத் தேவையான எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெயர் சக்கரவர்த்தி. மூக்கு ஒழுக அவர் நின்ற கோலத்தில், ஆள்வதற்கு ஒரு கைக்குட்டையைத் தவிர வேறொன்றும் அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

"வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். பவர் ஹேமருக்கு எழுதிப் போட்டிருக்கீங்க இல்ல? நீங்க வேலை செய்யறத நேர்ல பாக்கணும். ஒரு நாலு அடி அடிச்சுக் காட்டுங்க. வீடியோ எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

அன்பரசன் வலது கையை மெல்ல முதுகுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

பவர் ஹேமர் என்பது காலால் மிதித்தால் தானே சம்மட்டி அடிக்கும் மிஷின். பார்ப்பதற்குப் பெரிய தையல் மிஷின் போல இருக்கும். அரசாங்கம் கொல்லர்களுக்கு அதை இலவசமாகக் கொடுப்பதாகவும், விண்ணப்பம் போட்டால் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றும் பக்கத்து வெல்டிங் கடை சடையன் சொல்லியிருந்தான். அன்பரசனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும் அவன்தான். 'உடல்நிலை' என்ற கட்டத்தில் அவன் கொட்டை எழுத்தில் 'திடகாத்திரம்' என்று எழுதினான்.

"டேய், தோள்பட்டை போயிடுச்சுன்னுதானடா மிஷினே கேக்கறேன்?" என்றார் அன்பரசன் அப்போதே.

"அய்யய்யோ, அத வெளிய சொல்லிடாதண்ணா. எங்க மாமனார் ஊர்ல ஒருத்தரு, வேற ஏதோ திட்டத்துல, இப்டித்தான் கை வலின்னு உண்மையச் சொன்னாரு. 'கை வரலன்னா நீ தொழில் செய்யற ஆளே இல்ல'ன்னு கிழிச்சுப் போட்டுட்டாங்க. கவர்மெண்ட்டுக்கு நாம திடமா இருக்கணும்ண்ணா. திடமா இருக்கறவனுக்குத்தான் ஒதவி."

இதில் ஏதோ கோளாறு இருப்பதாக அன்பரசனுக்குத் தோன்றியது. ஆனால் அரசாங்க விஷயத்தில் கோளாறாகத் தோன்றுவதுதான் சரியாக இருக்கும் என்று அவருக்கு ஐம்பத்து நான்கு வருட அனுபவம் இருந்தது.

தோளின் கதை இதுதான். பகலில் சுமாராக வேலை செய்யும். மார்கழி பிறந்து பனி இறங்கிவிட்டால் காலையில் பூட்டுப் போட்டதுபோல இறுகிவிடும். வெயில் பட்டால்தான் இளகும். அதிலும் அவர் இருக்கும் அடி அண்ணாமலை, மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். டவுனுக்கெல்லாம் ஆறரைக்கு விடிந்தாலும் இங்கே சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்க எட்டரை ஆகிவிடும். அன்பரசனின் கையும் எட்டரைக்குத்தான் விழிக்கும்.

வேலை இல்லாமல் இல்லை. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. கரும்புக் கத்திகள் மட்டும் நாற்பதுக்கு மேல் சொல்லி வைத்திருந்தார்கள். காலை நேர வேலை முழுவதையும் சந்திரகலாதான் சம்மட்டி பிடித்து அடித்துத் தீர்த்தாள். அவர் இடது கையில் பிடித்த குறட்டால் இரும்பை இடுக்கிக்கொண்டு, "இங்க அடி, அங்க அடி" என்று காட்டுவார். பத்து மணிக்கு அவள் வெந்நீரில் மணிக்கட்டை நனைத்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கும்போது அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் கையும் போய்விட்டால் பிறகு யார் அடிப்பது? எப்படியாவது அந்த மிஷின் வந்தாக வேண்டும்.

"இன்னா, அடிக்கறீங்களா?" என்றார் சக்கரவர்த்தி, செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"சார், பத்து மணிக்கு மேல வந்தீங்கன்னா..."

"இல்லீங்க. எனக்குக் காலையிலதான் தோது."

அன்பரசனின் கண் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் பட்டது.

"இன்னைக்கு அஷ்டமிங்க சார். எங்க பட்டறையில அஷ்டமி அன்னைக்குச் சம்மட்டியத் தொட மாட்டோம்."

சக்கரவர்த்தி உலையைப் பார்த்தார். அது ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு இரும்பு வேறு பழுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப இது?"

"இது குளிருக்குங்க."

"இரும்புக்குமா குளிரும்?"

அன்பரசன் பயபக்தியுடன் மலையைப் பார்த்தார். சக்கரவர்த்தியும் மலையைப் பார்த்தார். திருவண்ணாமலையில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தால், மற்றவர் மேற்கொண்டு குறுக்கு விசாரணை செய்வது வழக்கமில்லை.

"சரி, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தும்மல் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார்.

"எதுக்குங்க பொய்யி? தோளு வலின்னு சொல்லிடலாம் இல்ல?" என்றாள் சந்திரகலா.

"சொல்லிட்டு? நீயே ஆயுசு முழுக்க அடிக்கறியா?"

மறுநாள் நவமி என்பது அன்பரசனுக்குப் பெரிய ஆறுதல். அஷ்டமிக்கு அடுத்து நவமியை வைத்த பெரியவர்களை மனதாரப் பாராட்டினார். நவமிக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்ததில், ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார். அவர் பின்னால் போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்னால் சந்திரகலா டங்கு டங்கென்று சம்மட்டி அடிக்கும் சத்தமும், அதற்கு நடுவே ஸ்கூட்டர் சத்தமும் கேட்டன.

வாயில் நுரையுடன் ஓடி வந்தார்.

"நவமியும் ஆகாதுங்க சார்!"

சக்கரவர்த்தி, பழுத்த இரும்பைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்த சந்திரகலாவைக் காட்டினார்.

"அவங்க அடிக்கறாங்களே?"

"பொம்பளைங்களுக்கு நவமி தோஷம் கெடையாதுங்க."

சக்கரவர்த்தி இதை யோசித்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டார். "தெனமும் இவங்கதான் அடிக்கறாங்களா?"

சந்திரகலா சம்மட்டியை இறக்கிவிட்டு வாயைத் திறந்தாள். அன்பரசன் ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சேச்சே. இன்னைக்கு ஏதோ விளையாட்டுக்கு எடுத்துட்டா. சம்மட்டின்னா நான்தாங்க."

"வயசு அம்பத்து நாலு ஆகுது. தோள் வலி, கை கால் குடைச்சல், அந்த மாதிரி ஏதாவது... இருந்தா சொல்லுங்க. தப்பில்ல."

பொறி வைக்கிறான் என்று அன்பரசனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எனக்கா? வலின்னா இன்னான்னே தெரியாதுங்க சார். நான் திடகாத்திரம். அதுல எழுதியே இருக்குது பாருங்க."

"பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டார் சக்கரவர்த்தி. இப்போது தும்மல் நாலாகியிருந்தது.

அவர் போனதும் சடையன் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "விடாம வர்றான்னா சந்தேகப்பட்டுட்டான்னு அர்த்தம். உண்மையிலேயே அடிச்சுக் காட்டினாத்தான் ஆச்சு" என்றான். சாயங்காலம் ஒரு பாட்டில் தைலத்தோடு மறுபடி வந்தான். "இத நல்லா தேச்சுக்கினு நெருப்பாண்ட காட்டுண்ணா. கதவு கீலுக்கு எண்ணெய் போட்ட மாதிரி தோளு சுத்தும்."

அடுத்த நாள் சனிக்கிழமை. அலுவலகத்துக்கு லீவு. ஆகையால் ஆபீசர் வரமாட்டார், நிதானமாக வைத்தியம் பார்க்கலாம் என்று அன்பரசன் விடியற்காலையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு, பாதி பாட்டிலைத் தோளில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, அடுப்பில் அப்பளம் வாட்டுவதுபோலத் தோளை உலைக்கு நேராகக் காட்டி உட்கார்ந்தார். தோளில் போட்டிருந்த துண்டின் ஓரம் ஒருமுறை பற்றிக்கொண்டது. சந்திரகலா அதைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். ஆனாலும் பலன் தெரிந்தது. கை கன்னம்வரை வந்தது.

"இன்னும் ரெண்டு விரக்கடை வந்துட்டா போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் சத்தம்.

"லீவு நாள்லகூடவா!" என்று அலறினார் அன்பரசன்.

"லீவுன்னாலும் பரவால்ல, இன்னைக்காவது முடிச்சிடலாம்னு வந்தேன்" என்றார் சக்கரவர்த்தி. குரல் கட்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தார். "இன்னைக்கு தசமி. நானும் காலண்டர் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

இனி வழியில்லை. அன்பரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலை எடுத்தார். பல்லைக் கடித்துக் காதுவரைக்கும் தூக்கியும்விட்டார். ஆனால் தைலம் தோளோடு நிற்கவில்லை. முழங்கை வழியாக இறங்கி உள்ளங்கைக்கும் வந்திருந்தது. இரும்பின்மேல் இறங்க வேண்டிய சுத்தியல் கையை விட்டு நழுவி, பட்டறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஸ்கூட்டர் சீட்டின்மேல் இருந்த ஹெல்மெட்டில் போய் இறங்கியது. ஹெல்மெட் தேங்காய் போல இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, அதற்குள் தலை இல்லை.

கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று, ஸ்கூட்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"கையில பிடிப்பு இல்லையா?" என்று கேட்டார் சக்கரவர்த்தி. அவர் குரலில் கோபமே இல்லாதது அன்பரசனை மேலும் மிரட்டியது.

"பலம் ஜாஸ்தி ஆயிடுச்சுங்க சார். கைக்குள்ள அடங்கல."

"தோள்ல ஏதோ தேச்சிருக்கீங்களே?"

"மார்கழி மாசத்து எண்ணெய்க் குளியலுங்க."

"பரவால்ல. இப்ப அடிச்ச மாதிரியே இன்னொரு தடவ அடிங்க. தும்மல்ல வீடியோ எடுக்காம விட்டுட்டேன்." சக்கரவர்த்தி அவசரமாக செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"மொதல்ல ஹெல்மெட்டுங்க சார்! உங்க தலைக்கு ஒரு வழி பண்ணாம நான் சுத்தியலத் தொடறதா? இதோ வந்துட்டேன்!" என்று சொல்லிச் சட்டையைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, அப்போதுதான் கடைக்கு வந்த சடையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் பறந்துவிட்டார் அன்பரசன். அவர் கணக்கு எளிமையானது. கடை திறந்து வாங்கி வருவதற்குள் வெயில் வந்துவிடும். வெயில் வந்துவிட்டால் கை வந்துவிடும்.

கணக்கு பாதி பலித்தது. பத்து மணிக்குப் புது ஹெல்மெட்டோடு திரும்பியபோது கை நன்றாகத் தூக்க வந்தது. ஆபீசர்தான் இல்லை.

"எட்டரை வரைக்கும் உலையாண்ட உக்காந்திருந்தாருங்க. சூரியன் மலைக்கு மேல வந்ததும் எழுந்துட்டாரு. 'வெயில் ஏறிடுச்சு, இனிமே உக்காந்து பிரயோஜனம் இல்லம்மா'ன்னு சொல்லிட்டு, ஒடைஞ்ச ஹெல்மெட்டையே மாட்டிக்கினு போயிட்டாரு" என்றாள் சந்திரகலா.

"அந்தாளுக்கு வெயிலு ஒத்துக்காது போல."

"திங்கக்கிழம கடைசி நாளாம். மொகத்தப் பாத்தா நல்ல மனுஷனா இருக்காருங்க. உண்மையச் சொல்லிப்புடலாங்க."

"நல்ல மனுஷன்தான் கிழிச்சிப் போடும்போது ரொம்ப வருத்தப்பட்டுக் கிழிச்சிப் போடுவான்" என்றார் அன்பரசன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் யாருக்கும் தெரியாமல் டவுனில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் தோளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் எப்படிங்க தாங்கினீங்க?" என்று கேட்டு, மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டார். "நாளைக்கு வலி தெரியாது. தெரியலங்கறதால சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வாரத்துக்குப் பாரமே தூக்கக் கூடாது."

அன்பரசனின் காதில் 'நாளைக்கு வலி தெரியாது' என்பது மட்டும் விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் சக்கரவர்த்தி வந்தார். இந்த முறை கூடவே எழில் என்ற அலுவலகப் பெண்ணும் வந்திருந்தாள். "கடைசி நாளு. இங்கயே வீடியோ எடுத்து இங்கயே ஏத்திடணும்" என்றார் சக்கரவர்த்தி. பனி மூட்டத்தில் மலையே தெரியவில்லை. அவ்வளவு குளிர். எழிலின் பல் தந்தியடித்தது. சக்கரவர்த்தியோ அந்தக் குளிரைப் பார்த்துத் திருப்திப்பட்டவர்போல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அவசரமே இல்லீங்க. எப்படி வருதோ அப்படி அடிங்க. வரலன்னாலும் பரவால்ல" என்றார்.

அன்பரசன் சிரித்தார். நாலு நாளில் முதல் சிரிப்பு.

"சின்ன சுத்தியல் எதுக்கு? பெரிய சம்மட்டிய எடு, கலா. நீ குறட்டப் பிடி."

"ஏங்க..."

"பிடின்னா பிடி."

சந்திரகலா பழுத்த இரும்பை உலையிலிருந்து உருவிப் பட்டறைக்கல்லின்மேல் வைத்தாள். அன்பரசன் சம்மட்டியைத் தூக்கினார். இடுப்பு, நெஞ்சு, கன்னம், காது எல்லாவற்றையும் தாண்டித் தலைக்குமேல் முழு வட்டமாகச் சுற்றி அது இறங்கியது. பட்டறைத் தகரமே அதிர்ந்தது. தீப்பொறி வாசல்வரை போனது.

எழில் செல்போனோடு இரண்டு அடி பின்வாங்கினாள்.

இரண்டாவது அடி. மூன்றாவது அடி. கிரிவலப் பாதையில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கையில் கிளாசோடு வந்துவிட்டார்கள்.

"போதுங்க" என்றார் சக்கரவர்த்தி.

"இருங்க சார், இப்பத்தான் சூடு புடிக்குது!"

"போதும், போதுங்க. நாலு அடி போதும்னு ரூல்ஸ்லயே இருக்குது."

"ரூல்ஸுக்கு நாலு. எங்க பட்டறைக்கு நாப்பது!"

கூட்டம் கை தட்டியது. அன்பரசனுக்கு இருபது வருடம் உதிர்ந்துவிட்டது. அடித்தார், திருப்பச் சொன்னார், மறுபடி அடித்தார். இரும்புத் துண்டு எல்லார் கண் முன்னாலும் நீண்டு, தட்டையாகி, நுனி வளைந்து ஒரு கரும்புக் கத்தியாக ஆனது. அதைத் தண்ணீரில் நனைத்துச் சுர்ரென்று புகை கிளப்பி, சம்மட்டியை ஒற்றைக் கையால் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழிலின் செல்போனைப் பார்த்து நின்றார்.

சக்கரவர்த்தி குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரமிப்பில் வியர்த்துவிட்டது போலிருக்கிறது.

"உண்மையிலேயே... கொஞ்சங்கூட வலி இல்லையா?" என்று கேட்டார்.

"இன்னும் அம்பது வருஷத்துக்கு இந்தக் கை இப்டியே இருக்கும் சார்!"

"ஏத்திடும்மா" என்று எழிலிடம் சொன்னார் சக்கரவர்த்தி. எழில் செல்போனில் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். வேலை முடிந்தது. சக்கரவர்த்தி அன்பரசனின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, சந்திரகலா நீட்டிய டீயைக்கூட வாங்காமல், தலையைக் குனிந்தபடி ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"பாத்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார் அன்பரசன். "மனுஷன் அசந்துட்டாரு. பேச்சே வரல."

சந்திரகலாவுக்கும் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மிஷினை எங்கே வைப்பது என்று பட்டறையின் மூலையைப் பார்த்தாள். இனி அவள் மணிக்கட்டை வெந்நீரில் நனைக்க வேண்டியதில்லை. அன்பரசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எழில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயங்கி நின்றாள். அன்பரசன் அவளிடம் குனிந்து, "ஏம்மா, மிஷினு எப்ப வரும்? பொங்கலுக்குள்ள வந்துடுமா?" என்று கேட்டார்.

எழில் ஸ்கூட்டர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வராதுங்கண்ணா. அது சம்மட்டி தூக்க முடியாத கொல்லருங்களுக்கு மட்டும் குடுக்கற மிஷினு, சொன்னா எல்லாரும் முடியாத மாதிரி நடிப்பாங்கன்னு அத நாங்களா வாயத் தொறந்து சொல்லவும் கூடாது. பனியில உங்க கை தூக்க வராம நிக்கறத ஒரே ஒரு நிமிஷம் வீடியோ புடிச்சுட்டா போதும்னுதான், சார் லீவு நாள்லகூட இருட்டோட எழுந்து வந்தாரு."